ஜோசியர் போட்ட பூஜ்யம்

சென்னை ஓ.எம்.ஆரில் பறக்கும் கார் இன்னும் வரவில்லை. இந்தக் கதை நடக்கும் வருடத்திலும் பெருங்குடி சிக்னலில் அதே நெரிசல்தான், அதே ஹாரன்தான். புதிதாக வந்தது கணியன் என்ற கணிப்பு மென்பொருள் ஒன்றுதான். கணியன் என்பது விற்றவர்கள் வைத்த பெயர். அதோடு குடித்தனம் நடத்தியவர்கள் ஜோசியர் என்று கூப்பிட்டார்கள்.

சதுப்பு நிலத்தைப் பார்த்து நின்ற ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் தென்கரை சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி இருந்தது. ஐரோப்பாவில் யாராவது ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் அவருக்குப் பணம் திரும்பிப் போகவேண்டும் அல்லவா? அதற்கான மென்பொருளை இங்கே ஒரு குழு எழுதிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போகாதவர்களுக்காக இத்தனை பேர் ஏ.சி.யில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்பது அந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் குழுவுக்குக் கோச் பூங்கோதை. கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால் எந்த விளையாட்டுக்கு என்று கேட்பார்கள். அலுத்துப்போய் ஒரு முறை கபடி என்றே சொல்லியிருக்கிறாள். உண்மையில் அவள் வேலை, மென்பொருள் எழுதுகிறவர்களை ஒருவரோடொருவர் ஒழுங்காகப் பேசவைப்பது. அது கபடியைவிடக் கஷ்டம். தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்றுகொண்டு நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எது இடிக்கிறது என்று சொல்லவேண்டும். உட்காரவிட்டால் பேச்சு நீளும் என்பதால் நிற்கச் சொல்வது. வேலையை இரண்டிரண்டு வாரத் தவணையாகப் பிரித்துக்கொள்வார்கள். ஸ்பிரிண்ட் என்று பெயர்.

தவணை தொடங்கும் நாளில் சீட்டு. ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரிது என்று ஆளுக்கொரு எண்ணை மனதுக்குள் நினைத்து, அந்த எண் உள்ள சீட்டை மேஜைமேல் கவிழ்த்து வைக்கவேண்டும். எல்லோரும் வைத்த பிறகு ஒன்றாகத் திருப்பவேண்டும். அந்த எண்ணுக்குப் புள்ளி என்று பெயர். கவிழ்த்து வைக்கிற விஷயத்தில் பூங்கோதை மகா ஆசாரம். யாராவது அவசரப்பட்டுத் திருப்பினால் விடமாட்டாள்.

"பெரியவங்க நம்பரை முதல்ல பாத்துட்டா உங்க நம்பரை நீங்களே முழுங்கிடுவீங்க. பாக்கறதுக்கு முன்னாடி மனசுல இருந்தது எதுவோ அதுதான் உங்களுது. பாத்ததுக்கப்புறம் வர்றது தலையாட்டல்" என்பாள்.

இப்படி அடித்துப் பேசியவளின் முதுகுக்குப் பின்னால், சுவரில், பெரிய திரை ஒன்று எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது. அதில்தான் ஜோசியர் இருந்தார். காலைக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், சொல்லும்போது எங்கே இழுத்தார்கள், எந்த வேலை யார் கையில் தூங்குகிறது, யார் எத்தனை மணிக்குக் கதவைத் திறந்தார்கள், யார் லீவு போட்டார்கள் எல்லாவற்றையும் படித்து, வரப்போகும் தவணைகளில் ஒவ்வொருவரும் எத்தனை புள்ளி வேலை முடிப்பார்கள் என்று பேருக்கு நேரே, கோச் பேருக்குக்கூட, எண் போடுவார். அதே எண் எல்லோர் போனிலும் வரும்.

முன்பு தீபக் என்ற பையனுக்கு ஜோசியர் பூஜ்யம் போட்டார். அந்தத் தவணை வருமுன்பே அவன் கம்பெனியில் இல்லை. அப்புறம் கல்பனாவுக்குப் போட்டார். அவளும் இல்லை. போனார்களா, அனுப்பினார்களா என்று யாரும் நோண்டவில்லை. சொன்னது பலித்துவிட்டது, அவ்வளவு போதும்.

ஒரு திங்கட்கிழமை இருதயராஜின் பெயருக்கு நேரே பூஜ்யம் வந்தது. இந்தத் தவணையில் வழக்கமான எண், அடுத்ததிலும் சுமாரான எண், அதற்கடுத்ததில் மொட்டையாக ஒரு பூஜ்யம்.

இருதயராஜ் தூத்துக்குடிக்காரர். குழுவில் வயதில் மூத்தவர். இந்தத் தொழிலில் நாற்பத்தைந்தைத் தாண்டினாலே தாத்தா கணக்குத்தான். ரத்தான டிக்கெட்டுக்கு எவ்வளவு பிடித்துக்கொண்டு எவ்வளவு கொடுப்பது என்ற சிக்கலான பகுதி அவருடையது.

"அண்ணா! சொல்லவே இல்ல பாத்தீங்களா! எந்தக் கம்பெனி? ட்ரீட் எப்போ?" என்று கத்தினான் மாதேஷ். தர்மபுரிப் பையன், வாய்த்துடுக்கு.

"நான் எங்கயும் போகலயே தம்பி."

"போறவங்க எல்லாரும் இதைத்தாண்ணா சொல்றாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இருதயராஜும் சிரித்தார், ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். டெஸ்டிங் செய்யும் ஷாஹிதா மட்டும் சிரிக்கவில்லை. "கல்பனாவும் இப்படித்தான் சொன்னா" என்று மெதுவாக முணுமுணுத்தாள்.

அன்றிலிருந்து யாரும் அவரிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. மாறாக, எல்லோரும் அநியாயத்துக்கு நல்லவர்களாகிவிட்டார்கள். போகிறவருக்கு எதற்குப் புதுத் தலைவலி என்று புது வேலையெல்லாம் மற்றவர்களுக்குப் போயிற்று. மேனேஜர் ரகோத்தமன் ஷாஹிதாவைக் கூப்பிட்டு, இருதயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேலையைக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலையை எடுத்த மாதிரி இருந்தது அவருக்கு.

இரண்டு நாள் கழித்து, கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் பூங்கோதையைப் பிடித்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். என்னைய அனுப்பப் போறாங்களா?"

"யார் சொன்னாங்க?"

"ஒருத்தரும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

"உங்களுக்கு வேற வேலை கிடைச்சிருக்குன்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க, இருதயராஜ். இல்லையா?"

"எனக்கா? இந்த வயசுலயா? என்னைய எவன் மேடம் எடுப்பான்?" டீ கிளாஸை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல என் சம்சாரம் ஃபிலோவுக்கு கீமோ போயிட்டிருக்கு. மார்புல கட்டி. முழுசா நல்லாயிரும்னு டாக்டரம்மா சொல்லுதாங்க, ஃபிலோவுக்கு அந்த அம்மா மேல அப்படி ஒரு நம்பிக்கை. ஆனா மொத்தமும் கம்பெனி இன்சூரன்ஸ்ல ஓடுது. எனக்கு வேலை போன அன்னைக்கே அந்தக் கார்டு செத்துரும். அதான் இடையில இடையில லீவு."

"அட கடவுளே! இதை ஏன் நீங்க ரகோத்தமன் சார்கிட்ட சொல்லல?"

"வேண்டாம் மேடம். சொன்னா பாவம்னு சொல்லுவாங்க. சொல்லிட்டு, இவன் மனசு வேலையில இருக்காதுன்னு முடிவு கட்டிருவாங்க. நீங்களும் சொல்லாதீங்க."

"சரி, சொல்லல. ஆனா நீங்க பயப்படற மாதிரி ஒண்ணும் நடக்காது. நான் பாத்துக்கறேன்."

மனதாரத்தான் சொன்னாள். அவர் ஏதோ பாரம் இறங்கியது போல மாடிக்குப் போனார். போய் உட்கார்ந்தால் எதிரே திரை, அதில் பூஜ்யம்.

பூங்கோதைக்கு வேறு குழுக்களும் இருந்தன. ஒரு வாரம் ஓடிப்போனது. அப்புறம் ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியில் கணியனிடம் நேராகவே கேட்டாள்: இருதயராஜுக்கு ஏன் பூஜ்யம்?

"காரணங்களை அறியும் வசதி உங்கள் சந்தாத் திட்டத்தில் இல்லை" என்று பணிவாகப் பதில் வந்தது.

"நாசமாப் போ" என்றாள்.

ஆனால் விடவில்லை. அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து குடைந்தாள். ஒரு மூலையில் 'கணிப்பைக் காண்போர்' என்று ஒரு தலைப்பு. கீழே எல்லோர் பெயரும், பக்கத்தில் டிக்கும். அதற்கும் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி: 'காண்போர் கணிப்புக்கு ஏற்ப நடந்துகொள்வர். அந்த நடத்தையும் கணிப்பில் சேர்க்கப்படும்.'

அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எல்லா டிக்கையும் எடுத்தாள். ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்றால் இருதயராஜ் எத்தனை புள்ளி எடுப்பார்?

பதினொன்று என்றது கணியன். அவர் எப்போதும் எடுக்கிற எண்.

பூங்கோதை ரகோத்தமன் பெயருக்கு மட்டும் ஒரு டிக் போட்டாள். பூஜ்யம்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே ரகோத்தமன் அறைக்குப் போனாள். ரகோத்தமன் கெட்டவர் இல்லை. குரல் உயர்த்த மாட்டார், பிறந்தநாள் மறக்க மாட்டார். அவள் டிக்கை எடுத்தும் போட்டும் காட்டியதை, கண்ணாடியைக் கழற்றி மாட்டி இரண்டு தடவை பார்த்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம், பூங்கோதை?"

"நீங்கதான் சொல்லணும் சார். இந்தப் பூஜ்யத்தைப் பாத்து நீங்க என்ன செஞ்சீங்க?"

அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகினார்.

"மாசாமாசம் மேலேருந்து பேர் கேக்கறாங்க. ஆள் குறைக்கணும், யாரை அனுப்பலாம்னு. நான் யார் பேரைக் கொடுப்பேன்? எல்லாருக்கும் குடும்பம் இருக்கு. எப்படியும் போகப்போறவர் பேரைக் கொடுத்தா யாருக்கும் நஷ்டமில்லையேன்னு நினைச்சேன். பாவம் குறைச்சல் பாருங்க."

"தீபக்?"

"கொடுத்தேன்."

"கல்பனா?"

"ம்."

"இப்போ இருதயராஜ். சார், அவர் எங்கயும் போகப்போறதா அது சொல்லவே இல்ல. பூஜ்யம்னு போட்டா நீங்க பேரைக் கொடுப்பீங்க, பேரைக் கொடுத்தா ஆள் இருக்கமாட்டார், ஆள் இல்லேன்னா பூஜ்யம். அது அவரைக் கணிக்கல. உங்களைக் கணிக்குது."

ரகோத்தமனின் முகம் வெளிறிப்போனது. ஆனால் அவரும் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"என் டிக்கை எடுங்க. உங்களுக்கு மட்டும் போடுங்க" என்றார்.

"எனக்கா? நான் என்ன செய்யப்போறேன்?"

"போடுங்களேன்."

போட்டாள். பூஜ்யம்.

"இது எப்படி? நான் அவருக்கு நல்லது செய்யணும்னுதானே..."

"இப்போ எங்க உக்காந்திருக்கீங்க?"

"உங்க ரூம்ல."

"அதான். உங்களால பாத்துட்டுச் சும்மா இருக்க முடியாது. நல்ல மனசு. நேரா எங்கிட்ட வந்து காட்டுவீங்க. நான் பாத்துடுவேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால் கூடுதலாக வலித்தது அவளுக்கு.

"அவர் பேரை எடுத்துடுங்க சார். ப்ளீஸ். அவருக்கு இந்த வேலை ரொம்ப முக்கியம். ஏன்னு நான் சொல்லக்கூடாது. ஆனா ரொம்ப முக்கியம்."

ரகோத்தமன் காரணம் கேட்கவில்லை. தன் கணினியைத் திறந்து, மேலிடத்துக்குப் போகவேண்டிய பட்டியலிலிருந்து இருதயராஜின் பெயரை அவள் கண்ணெதிரிலேயே அழித்தார். அதைச் செய்யும்போது அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

"இப்போ என் பேருக்கு டிக் போடுங்க. பாத்துடலாம்."

பதினொன்று.

"அப்பாடா!" என்று பூங்கோதை வாய்விட்டே சொன்னாள். இரண்டு பேரும் பரீட்சை பாஸான பிள்ளைகள் போலச் சிரித்தார்கள். சிரித்தபடியே, இனி எல்லாம் சரி என்ற தைரியத்தில், அவள் எல்லாப் பெயருக்கும் பழையபடி டிக் போட்டாள்.

பூஜ்யம்.

"இன்னும் யாரு?" என்றார் ரகோத்தமன்.

ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தார்கள். மாதேஷ் மட்டும் பார்த்தால் பதினொன்று. ஷாஹிதா மட்டும் பார்த்தால் பதினொன்று. பூங்கோதைக்கும் இப்போது பதினொன்றுதான். கடைசியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெயர். இருதயராஜ்.

அவர் பெயருக்கு டிக் போட்டதும் எண் மொட்டைப் பூஜ்யமாகிவிட்டது.

"ஆனா அவர் ஏற்கெனவே பாத்துட்டாரே சார்" என்றாள் பூங்கோதை. சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள் என்றே சொல்லவேண்டும்.

இருதயராஜ் தன் இடத்தில்தான் இருந்தார். பக்கத்தில் ஷாஹிதா. அவளுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தவர், பூங்கோதையைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் வந்தார்.

"நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன் மேடம். புனேயில ஒரு கம்பெனியில சரின்னுட்டாங்க. காலையிலதான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்."

"ஐயோ இருதயராஜ்! உங்களை யாரும் அனுப்பல. இப்பத்தான் சார்கிட்ட பேசிட்டு வரேன். ஒண்ணுமே இல்ல!"

பின்னாலேயே வந்த ரகோத்தமனும், "ஆமாம் இருதயராஜ். உங்க பேர் எதுலயும் இல்ல. நான் வாக்குத் தரேன்" என்றார்.

இருதயராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"சந்தோசம் சார். ஆனா இன்னைக்கு என் பேர் இல்ல. அடுத்த மாசம் மறுபடி அது பூஜ்யம் போட்டா?"

ரகோத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்க சம்பளம் கம்மிதான். ஆனா முதல் நாள்லேர்ந்து வீட்டுக்காரிக்கும் சேத்து இன்சூரன்ஸ் உண்டாம். கேட்டு வாங்கிட்டேன்."

"ஃபிலோவோட டாக்டர்?" என்று கேட்டுவிட்டாள் பூங்கோதை. ரகோத்தமன் திரும்பி அவளைப் பார்த்தார்.

"புனேயிலயும் டாக்டர் இருக்கத்தானே செய்வாங்க. பாதியில மாத்தாதீங்கன்னு இந்த டாக்டரம்மா ஒரே சத்தம். ஃபிலோவும் நேத்துலேர்ந்து அழுதுட்டேதான் இருக்கா. என்ன செய்யச் சொல்லுதீங்க? வைத்தியமே நின்னுபோறதுக்கு இது மேல்."

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேனே" என்றாள் பூங்கோதை.

"சொன்னீங்க மேடம். நம்பினேன். ஆனா தினமும் காலையில அந்தத் திரைக்கு முன்னாலதானே வட்டமா நின்னோம்? நீங்களும் நின்னீங்க. அது அப்படியே இருந்துச்சு. சீட்டைக் கவுத்து வைங்க, பாத்தா மனசு மாறிரும்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவங்க நீங்க. சரி, இவங்களே அதை எடுக்கலைன்னா, எல்லாம் தெரிஞ்சுதான் விட்டிருக்காங்கன்னு நினைச்சேன்."

ஒரு டிக்கை எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவளுக்கு அது தோன்றவே இல்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண் பார்க்கிறாள் என்றுகூடக் கவலைப்படாமல் அழுதாள்.

இருதயராஜுக்குக் கேக் வெட்டினார்கள். மாதேஷ் கேக்கை அவர் வாயில் ஊட்டி, "நான்தான் அன்னைக்கே கேட்டேனேண்ணா, எந்தக் கம்பெனின்னு" என்றான். அவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டு வந்தது. கணியன் மூன்றாம் முறையும் துல்லியமாகக் கணித்திருப்பதால் மற்ற கிளைகளுக்கும் அது வாங்கப்படுகிறதாம். ரகோத்தமன் அதைக் கூட்டத்தில் வாசித்தார். வாசித்து முடித்து யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார்.

பூங்கோதை மேலிடத்துக்கு எழுதினாள். கணியனை நிறுத்துங்கள், அது ஆட்களைக் கணிக்கவில்லை, ஆட்களைத் துரத்துகிறது என்று விவரமாக எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. காண்போர் பட்டியலில் டிக்கை எடுக்கும் அதிகாரம் அன்று சாயங்காலமே அவளிடமிருந்து போய்விட்டது. சரிதான் போடா என்று, பலகையில் வேலைகளை எழுதி ஒட்டுகிற மஞ்சள் காகிதங்களை எடுத்து, திரையில் எண் வரும் பத்தி முழுவதையும் மேலிருந்து கீழ்வரை ஒட்டி மறைத்தாள். தன் போனிலிருந்தும் ஜோசியரை நீக்கிவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. ரகோத்தமன் அந்தப் பக்கம் போகும்போது பார்த்து, "நல்ல காரியம்" என்றுகூடச் சொன்னார்.

சில தவணைகள் அப்படியே ஓடின. காலைக் கூட்டத்தில் மறுபடி பேச்சு வந்தது. மாதேஷ் ஒரு நாள் தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டு எல்லோரையும் அசத்தினான். பூங்கோதைக்கு மனது கொஞ்சம் ஆறியது. ஃபிலோவுக்குப் புது ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து எடுத்தார்கள் என்று இருதயராஜ் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த தவணை தொடங்கும் நாள். பூங்கோதை சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். வழக்கமாகச் சத்தமாக இருக்கிற அறை அன்று அநியாயத்துக்கு மரியாதையாக இருந்தது. மாதேஷ் எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டான். யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். ஷாஹிதா தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அந்த முகத்தைப் பூங்கோதை முன்பே பார்த்திருக்கிறாள்.

"என்ன ஷாஹிதா?"

"ஒண்ணுமில்ல மேடம். இந்தக் கூட்டமெல்லாம் நீங்க எப்படி நடத்தறீங்க, என்னென்ன பாக்கணும்னு உங்ககிட்ட உக்காந்து கத்துக்கச் சொன்னாரு ரகோத்தமன் சார்."

பூங்கோதை சுவரைப் பார்த்தாள். மஞ்சள் காகிதங்கள் வரிசையாக ஒட்டியபடியே இருந்தன. மேஜையைச் சுற்றியிருந்தவர்கள், ஜோசியர் இன்னும் இருக்கும் தங்கள் போனை, ஆளுக்கொரு பக்கம் கவிழ்த்து வைத்தார்கள்.

"நான் எங்கயும் போகலயே" என்றாள்.

மாதேஷ் தலைகுனிந்துகொண்டே சொன்னான்.

"இருதயராஜ் அண்ணாவும் அப்படித்தான் மேடம் சொன்னாரு."